ஊருக்குப் போயிருக்கிறார்

எங்கள் பதிவேட்டில் கடைசிக் கட்டத்தின் பெயர் ‘குறிப்பு’. மிகச் சின்னக் கட்டம். இரண்டு சொல்லுக்கு மேல் எழுதினால் பக்கத்துக் கோட்டில் ஏறிவிடும். இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டத்தில் நான் அதிகமாக எழுதியது ‘ஊருக்குப் போயிருக்கிறார்’ என்பதைத்தான். திருப்பூரில் ஒருவரைத் தேடிப் போய் அவர் இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லும் முதல் பதில் அது. நமக்கும் அதற்கு மேல் கேட்கத் தோன்றாது. இங்கே பாதிப் பேருக்கு வேறு எங்கோ ஓர் ஊர் இருக்கிறது. போயிருப்பார்கள், வருவார்கள், அவ்வளவுதான்.

நான் வேலை பார்ப்பது ஒரு தொண்டு நிறுவனத்தின் மருத்துவ வண்டியில். ஒரு டிரைவர், ஒரு நர்ஸ், களப்பணியாளர் என்ற பெயரில் நான். வீடில்லாத குடும்பங்களை அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பார்ப்பது வேலை. வீடில்லாதவர்கள் என்றால் பஸ் ஸ்டாண்டில் போர்த்திப் படுத்திருப்பவர்கள் என்று என் தங்கச்சியே நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவர்களும் உண்டு. ஆனால் என் பதிவேட்டில் இருப்பவர்களில் நிறையப் பேர் போன மாதம்வரை பனியன் கம்பெனியில் செக்கிங்கும் பேக்கிங்கும் பார்த்துக்கொண்டு லைன் வீட்டில் இருந்தவர்கள். ஒருவருக்குக் கையில் அடிபடும், அல்லது ஆர்டர் நின்றுபோகும். வீட்டு ஓனர் வாடகைக்கு இரண்டு மாசம் பொறுப்பார், மூன்றாம் மாசம் சாமானை எடுத்து வாசலில் வைப்பார். அப்புறம் மூடிக்கிடக்கிற கம்பெனியின் தகரத் தாழ்வாரம், பாதி கட்டி நிற்கிற கட்டடம், பாலத்தடி. கேட்டால், “சும்மா கொஞ்ச நாளைக்குங்க” என்பார்கள்.

இந்த வேலையைச் சேவை என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். காலை எட்டரைக்கு வண்டியில் ஏறினால் சாயங்காலம் இறங்கும்போது முழங்கால் இரண்டும் என்னுடையவை இல்லை. போன வாரம் பார்த்த சளி இந்த வாரமும் இருக்கும். போன வாரம் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை மழையில் கரைந்து ஓடியிருக்கும். போன வாரம் இருந்த குடும்பமே இருக்காது. திட்டவும் முடியாது, திட்டாமல் இருக்கவும் முடியாது. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரைத் திட்டுவேன். அவர் பழகிவிட்டார்.

அந்தப் பெண்ணை முதலில் பார்த்தது ஓர் ஆடி மாதத்தில், முதலிபாளையம் போகிற வழியில் ஒரு வேஸ்ட் குடோனில். பனியனுக்கு வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் துணியை மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கிவைக்கிற இடம். குடோன்காரர் பின்பக்கத்துத் தகரச் சாய்ப்பில் அவளும் அவள் புருஷனும் படுத்துக்கொள்ள விட்டிருந்தார். அதற்குப் பதிலாக இருவரும் மூட்டை பிரித்து வெள்ளை தனி, கலர் தனியாக அடுக்கித் தர வேண்டும். புருஷனுக்குத் துணி உருட்டுகிற மெஷினில் மாட்டி வலது கையில் இரண்டு விரல் மடங்காது. அதில்தான் கம்பெனி வேலை போனது, அதோடு லைன் வீடும் போனது. அவளுக்கு இருபத்திரண்டு வயசிருக்கும். தென்காசிப் பக்கம். வயிறு தெரிந்தது.

“எத்தன மாசம் கண்ணு?” என்றேன்.

“அஞ்சுக்கா.”

“எங்கியாச்சும் பதிஞ்சிருக்குதா?”

“போனோம்க்கா. அட்ரஸ் கேக்காங்க. குடோன்னு எழுதப்பிடாதுன்னு குடோன்கார அண்ணாச்சி சொல்லிட்டாரு.”

அட்ரஸ் பிரச்சினைக்கு என்னிடம் ஒரு மருந்து உண்டு. என் வீட்டு முகவரியை எழுதிவிடுவேன். பதிவில்லாமல் பிரசவமானால் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டும் என்பதால் ஆரம்பித்தது, பழக்கமாகிவிட்டது. நம் வீட்டில் இப்போது எத்தனை கர்ப்பிணிகள் குடியிருக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் அவ்வப்போது விசாரிப்பார். அன்றைக்கும் அப்படித்தான் அவள் கர்ப்பிணி அட்டையில் என் வீட்டு முகவரியையும், பின்பக்கம் என் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன்.

நர்ஸ் அவளுக்கு பிரஷர் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். அந்த வயசுக்கும் அந்த மாசத்துக்கும் இருக்கக் கூடாத அளவு. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. மறு வாரம் வண்டியோடு வந்த டாக்டர் பார்த்தார். தினமும் மாத்திரை, வாரம் தவறாமல் பிரஷர், ஏறினால் அன்றைக்கே பெரியாஸ்பத்திரி என்றார். விட்டால் வலிப்பு வரும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று அவள் காதுபடவே சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். கையில் இருந்த துண்டுத் துணியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அந்தத் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் முன்பு செக்கிங்கில் இருந்தவள். தொட்டுப் பார்த்தே இது சுத்தக் காட்டன், இது கலப்படம் என்று சொல்லிவிடுவாள். மூட்டை பிரிக்கும்போது மெத்தென்ற வெள்ளைத் துண்டு கிடைத்தால் எடுத்து வைத்துக்கொள்வாள். கழுத்துப் பட்டிக்கு வெட்டிய துணியில் குல்லாய், மற்றதில் முன்பக்கம் முடிச்சுப் போடுகிற சட்டை. எல்லாம் கையால் தைத்தது. தையல் உடம்பில் உரசக் கூடாது என்று மடிப்பை வெளிப்பக்கமாக வைத்துத் தைத்திருந்தாள். கம்பெனியில் குழந்தை உருப்படிக்கு அப்படித்தான் தைப்பார்கள் என்றாள். எக்ஸ்போர்ட் குவாலிட்டியா என்று கேட்டேன். சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுபோல இரண்டு மூன்று தடவைதான்.

மாத்திரையை ஒரு வாரத்துக்கு மட்டும்தான் கொடுப்போம். தெருவில் இருப்பவர்களிடம் ஒரு மாசத்துக்குக் கொடுத்தால் அது நனையும், தொலையும், தலைவலி என்று வந்தவருக்கு எடுத்துக் கொடுக்கப்படும். ஏழு நாளைக்கு ஏழு சின்னக் கவர், செவ்வாய்க்குச் செவ்வாய். பழைய கவரைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுசு. அவள் ஒரு கவரைக்கூட விட்டதில்லை. காலிக் கவர் ஏழையும் ஒரு நூலில் கோத்து வைத்திருப்பாள். வண்டிச் சத்தம் கேட்டாலே குடோன் வாசலுக்கு வந்து நிற்பாள். மூன்று மாசம் இப்படியே ஓடியது. பிரஷர் இறங்காவிட்டாலும் ஏறாமல் இருந்தது. வீங்கின கால் வீங்கினபடி இருந்தது. எட்டாம் மாசம் முடியட்டும், நானே கூட்டிக்கொண்டு போய்ப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

அதற்குள் தீபாவளி வந்துவிட்டது.

தீபாவளிக்குத் திருப்பூர் காலியாவதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். போனஸ் போட்ட மறுநாளிலிருந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் கால் வைக்க முடியாது. நாலு நாளில் கம்பெனி, மெஸ், டீக்கடை எல்லாம் பூட்டு. நடு ரோட்டில் நாய் படுத்துத் தூங்கும். பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் ஒவ்வொருவராகத் திரும்பி வருவார்கள். அந்த நாட்களில் எங்கள் பதிவேட்டில் பக்கம் பக்கமாக ஒரே குறிப்புதான் இருக்கும். நர்ஸுக்கு லீவு, டிரைவருக்கும் ஊர் உண்டு. எனக்குத்தான் இல்லை. எனக்கு இதுதான் ஊர். பிறந்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் பத்து கிலோமீட்டருக்குள்.

தீபாவளிக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. வழக்கமாக மத்தியானத்துக்கு மேல் போகிற வண்டி அன்றைக்குப் பத்து மணிக்கே குடோனுக்குப் போய்விட்டது. கேட்டில் பெரிய பூட்டு. பட்டாசுப் பொறி விழுந்தால் வேஸ்ட் துணி குப்பென்று பிடித்துக்கொள்ளும் என்று தீபாவளி வாரத்தில் குடோன்காரர்கள் யாரையும் உள்ளே இருக்க விட மாட்டார்கள், அடுப்புப் பற்றவைக்க விட மாட்டார்கள். அது எனக்குத் தெரியாதா என்ன? பல வருஷமாகப் பார்க்கிறேன். பூட்டைப் பார்த்ததும் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி, அப்படியானால் இந்த இருவரும் எங்கே போனார்கள் என்பது. பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, இங்க பொறத்தால ஒரு புள்ள இருந்துச்சே?” என்றேன்.

“எல்லாம் ஊருக்குப் போயாச்சுங்க அம்மணி” என்றார் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

நானும் வண்டியில் உட்கார்ந்தபடி எழுதினேன், ‘ஊருக்குப் போயிருக்கிறார்’. அவள் கிளம்பும் முன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இரண்டு வாரத்து மாத்திரை கேட்டு வாங்கியிருக்கலாம் என்று லேசாகக் கோபம்கூட வந்தது. சரி, அங்கே பெற்றவர்கள் இருப்பார்கள், பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டுவார்கள் என்று நானே சமாதானமும் செய்துகொண்டேன். அன்றைக்குப் பட்டியலில் முக்கால்வாசிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. டிரைவரைப் பனியன் கடைகள் இருக்கிற காதர்பேட்டையில் இறக்கிவிடச் சொல்லி, வீட்டில் எல்லோருக்கும் பனியன், நைட்டி, தங்கச்சி பிள்ளைகளுக்கு டி-ஷர்ட் என்று இரண்டு கையும் நிறைய வாங்கிக்கொண்டு போனேன்.

அடுத்த செவ்வாய் வண்டி ஓடவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தெரியாத நம்பர். அவள் புருஷன் யாரிடமோ போனை வாங்கிப் பேசினான். “அக்கா, அவளுக்கு வெட்டி வெட்டி இழுக்குக்கா” என்றான். எந்த ஊரிலிருந்து பேசுகிறாய் என்று கேட்டேன். அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. அவர்கள் எங்கேயும் போகவில்லை. குடோன்காரர் பதினைந்து நாளைக்கு வெளியே இருக்கச் சொன்னதும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் சற்றுத் தள்ளிப் பாதி கட்டி நிற்கிற ஒரு கட்டடத்தின் படிக்கட்டடியில் இருந்திருக்கிறார்கள். வண்டி நின்ற இடத்திலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

நான் ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. இரண்டாம் நாள் காலையில் போய்விட்டது. நூலில் கோத்த காலிக் கவர் ஏழும் அவன் சட்டைப் பையில் இருந்தன. அவளுடைய துணிப் பையிலிருந்து ஒரு குல்லாயை எடுத்துப் பிள்ளைக்கு மாட்டச் சொல்லி ஆஸ்பத்திரி நர்ஸிடம் கொடுத்தான். எவ்வளவு சின்னதாகத் தைத்திருந்தாள், அதுவும் பெரிதாக இருந்தது.

மூன்றாம் நாள் அவளுக்கு நினைவு தெளிந்தது. கட்டிலோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவளே முதலில் பேசினாள்.

“நீங்க ஊருக்குப் போயிருப்பீங்கன்னு நெனச்சேன்க்கா. நல்ல நாளாச்சே.”

“ஆமா கண்ணு” என்றேன்.

அந்த இரண்டு சொல்லையும் எத்தனையோ முறை திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. சேற்றில் நிற்பவளுக்குப் போடுவதுபோல அவள் ஒரு பலகையை எடுத்துப் போட்டாள், நான் ஏறி நின்றுகொண்டேன். வீட்டில் தீபாவளிக்கு முந்தின நாள் முழுக்க முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன் என்று அந்தக் கட்டிலருகே எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டும். சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஆபீஸில் படிவம் வந்தது. குழந்தை இறந்தால் ஏன் இறந்தது, யார் கடைசியாகப் பார்த்தார்கள் என்று நாலு பக்கம் நிரப்ப வேண்டும். எங்கள் மேடம் கெட்டவர் இல்லை. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஊருக்குப் போயிட்டாங்கன்னு க்ளியரா இருக்கே. அப்ப நம்ம சைடுல ஒண்ணும் மிஸ்டேக் இல்ல. அப்படியே எழுதிடுங்க” என்றார். அவருக்கும் மேலே பதில் சொல்ல ஆள் இருக்கிறது. நான் அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

கையெழுத்துப் போட்ட பிறகுதான் பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஆடி மாதப் பக்கத்தில், அவள் பெயருக்கு நேரே, அதே சின்னக் கட்டத்தில், பக்கத்துக் கோட்டில் ஏறி நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தது: ‘காதல் கல்யாணம். வேறு மதம். இரு வீட்டிலும் சேர்ப்பதில்லை. ஊர்ப் போக்குவரத்து இல்லை.’ என் கையெழுத்துதான். முதல் நாள் அவள் சொன்னது. அவள் கோயிலுக்குப் போகிற குடும்பம் இல்லை, சர்ச்சுக்குப் போகிற குடும்பம், அவன் வீட்டில் அது ஆகவில்லை, இவள் வீட்டில் அவன் ஆகவில்லை. ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டு எழுதியும் வைத்துக்கொண்டு, மூன்றே மாசத்தில் அவளை ஊருக்கு அனுப்பிவைத்திருக்கிறேன்.

அவளுக்குத் தையல் பிரித்ததும் அவர்கள் குடோனுக்குத் திரும்பவில்லை. பொங்கலூர்ப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வேலையும் இருக்க ஒரு ரூமும் கிடைத்துப் போய்விட்டார்கள் என்று புருஷன் போனில் சொன்னான். பொங்கலூர் எங்கள் வண்டி போகிற எல்லைக்குள் வராது. பதிவேட்டில் அவள் பெயரை அடித்துவிட்டேன். எனக்கு அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. மறுபடி போனஸ், மறுபடி பஸ் ஸ்டாண்டில் கூட்டம். அந்தச் செவ்வாய்க்கிழமை பூட்டுத் தொங்கிய ஒவ்வொரு இடத்திலும் நான் வண்டியைவிட்டு இறங்கி நடந்தேன். சுற்றிலும் இருந்த கட்டடங்களின் படிக்கட்டடி, தண்ணித் தொட்டியடி எல்லாம் பார்த்தேன். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். ஊருக்குப் போயாச்சு என்று சொல்லப்பட்ட குடும்பங்களில் சிலதை அன்றைக்கு அங்கேயே கண்டுபிடித்தேன். மாத்திரையை இரண்டு வாரத்துக்குக் கொடுத்தேன். சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். கால் வலித்தது, அழுகை வந்தது. மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறிப் பொங்கலூர் போனேன்.

பண்ணை ரோட்டிலிருந்து உள்ளே தென்னந்தோப்பைத் தாண்டி இருந்தது. கோழி நாற்றம் தூரத்திலேயே வந்தது. அவள் ரூம் வாசலில் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பாவாடையில் துடைத்தாள். கால் வீக்கம் இல்லை. நான் முதலில் பார்த்தது அதைத்தான். ஸ்டூல் எடுத்துப் போட்டாள், டீ போட்டாள். புருஷன் தீவனம் இறக்கப் போயிருக்கிறான் என்றாள். அறைக்குள் கொடியில் ஒரு வெள்ளைச் சட்டை, முன்பக்கம் முடிச்சு வைத்தது, கிளிப் போட்டுத் தொங்கியது. மடிப்பு வெளிப்பக்கமாக இருந்தது.

“இந்த வருசம் ஊருக்குப் போகலையாக்கா?” என்றாள்.

“எனக்கு ஊரு இதுதான் கண்ணு. போன வருசமும் இங்கதான் இருந்தேன். ஊட்லதான் இருந்தேன். உன்னயத் தேடி வந்து, பூட்டப் பாத்துட்டு, எறங்காமயே போயிட்டேன்” என்றேன்.

அவள் டம்ளரை என் பக்கத்தில் வைத்தாள்.

“தெரியும்க்கா” என்றாள். “அன்னைக்கு செவ்வாக்கெழம இவருக்கு காதர்பேட்டைல பண்டல் ஏத்துற வேல கெடச்சுச்சு. தனியா இருக்க பயந்துட்டு, வண்டி மத்தியானத்துக்கு மேலதான வரும், அதுக்குள்ள திரும்பிரலாம்னு நானும் கூடப் போயி ஒரு கடப் படிக்கட்டுல உக்காந்திருந்தேன். நீங்க எதுத்த கடைல டிசர்ட் பாத்துட்டு இருந்தீங்க. மாத்தர அன்னைக்கோட தீந்துட்டு. கூப்புடலாம்னு எந்திச்சேன். ரெண்டு கைலயும் பை வச்சிருந்தீங்க, மொகம் சந்தோசமா இருந்துச்சு. நல்ல நாளு அதுவுமா அவங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணணும், அடுத்த வாரம்தான் வருவாங்களேன்னு உக்காந்துட்டேன்.”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, பிள்ளை போன மறுநாள், ‘ஊருக்குப் போயிருப்பீங்க’ என்று அவள் சொன்னது எனக்காகச் சொன்ன பேச்சுதான். அவள் அட்டையில் இருப்பதே என் வீட்டு முகவரிதான். நான் வாயைத் திறந்தாலே தெரியும் நான் இந்த ஊர்க்காரி என்று. ஒரு வருஷமாக நான் அவளிடம் மறைத்துக்கொண்டிருப்பதாக நினைத்ததை, அவள் எனக்காக மறைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“டீ ஆறுதுக்கா, குடிங்க” என்றாள்.

குடித்தேன். பிரஷர் பார்க்கிற மெஷினைப் பையில் கொண்டுபோயிருந்தேன். கேட்காமலே கையை நீட்டினாள். சரியாக இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அவள் கூப்பிட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று அவள் கேட்கவில்லை. இரண்டு கையிலும் பையோடு, வேலை சீக்கிரம் முடிந்த சந்தோஷத்தில், செவ்வாய்க்கிழமை வண்டிக்கு வா கண்ணு என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேனோ என்று நான்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.